மலையா, வெண்தரையா, பறவையா, வட்டத் தொழுவமா? ஹார்னி கவுண்டியில் மூன்று நாள்

யாராவது ஹார்னி கவுண்டிக்குப் போகலாமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். எந்த மாதம்? கூட யார் வருகிறார்கள்? படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்தால் அங்கே போய் முழிக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. சில வருடங்களுக்கு முன் மே மாதக் கடைசியில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. ஸ்டீன்ஸ் மலை உச்சியில் எடுத்த ஒரு படத்தை நம்பி, போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். மலைப்பாதையில் பாதியிலேயே கேட் பூட்டிக் கிடந்தது. அதற்கு மேல் பனி. பின்சீட்டில் இருந்த அம்மா, "நடை சாத்தியிருக்கான்னு விசாரிக்காமலே கோயிலுக்குக் கிளம்பற ஆளு நீதான்டா" என்றார்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில் இருக்கும் மாவட்டம் ஹார்னி. பரப்பு 10,000 சதுர மைலுக்கு மேல். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 7,495 பேர். அவர்களிலும் பாதிக்கு மேல் பர்ன்ஸ், ஹைன்ஸ் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிற்றூர்களில் இருக்கிறார்கள். மீதி இடமெல்லாம் மாட்டுக்கும், சேஜ்பிரஷ் புதருக்கும், காற்றுக்கும். பெண்ட் நகரிலிருந்து பர்ன்ஸ் 130 மைல். பர்ன்ஸிலிருந்து தெற்கே ஃபிரெஞ்ச்கிளென் 60 மைல். அதற்கும் தெற்கே ஃபீல்ட்ஸ் இன்னும் 50 மைல் சொச்சம். வரைபடத்தில் பெயர் போட்டிருக்கும் இடமெல்லாம் ஊர் என்று நினைக்க வேண்டாம். சில பெயர்களில் ஒரு கடையும் இரண்டு வீடும்தான் இருக்கும்.

ஆகவே மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பது கனவு. பார்க்கத் தகுந்தவை நான்கு திசையில் நான்கு: ஸ்டீன்ஸ் மலை, அதன் கிழக்கே ஆல்வோர்ட் என்ற வறண்ட வெண்தரை, மல்ஹியூர் பறவைச் சரணாலயம், பீட் பிரெஞ்ச் என்ற பண்ணைக்காரன் விட்டுப்போன பழைய தொழுவங்கள். ஒரு பயணத்தில் இரண்டை நிதானமாகப் பார்க்கலாம். மூன்றாவதை எட்டிப் பார்க்கலாம்.

முதலில் மலை. மேற்கிலிருந்து ஏறினால் ஸ்டீன்ஸை மலை என்றே நம்ப மாட்டீர்கள். ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து வைத்த பலகை மாதிரி, மைல் கணக்கில் மெதுவாக உயர்ந்துகொண்டே போகும். புதர்க்காடு, பிறகு ஜூனிபர் மரங்கள், பிறகு ஆஸ்பென் தோப்புகள், பிறகு மரமே இல்லாத புல்வெளி. திடீரென்று தரை முடிந்துபோகும். கிழக்கு விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் 5,500 அடிக்குக் கீழே ஆல்வோர்ட் பாலைநிலம் ஒரு வெள்ளைத் தட்டுப் போலக் கிடக்கும். ஏறக்குறைய 1.67 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து ஆன பாறை இது. பின்னர் நிலம் பிளந்து, ஒரு பக்கம் மேலே எழும்ப, மறுபக்கம் இறங்கியது. உச்சி 9,733 அடி. பனியுகத்தில் பனியாறுகள் அரைத்துத் தோண்டிய கைகர், லிட்டில் பிளிட்சன், பிக் இந்தியன் பள்ளத்தாக்குகள் மேற்சரிவில் அகப்பையால் வழித்தெடுத்தது போல இருக்கும். கைகர் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். மறுபக்கத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்த இன்னொரு பனியாறு உடைத்த இடம் அது.

இந்த மலைக்கு இருக்கும் வசதி, கிட்டத்தட்ட உச்சி வரை காரிலேயே போகலாம் என்பது. 52 மைல் சுற்றுப்பாதை. ஓரிகனிலேயே மிக உயரமான சாலை. முட்டி வலி உள்ள அப்பா அம்மாவைக்கூட விளிம்பு வரை கூட்டிப் போய்க் காட்டிவிடலாம். ஆனால் முழுக்கச் சரளைக்கல் பாதை. வடக்குப் பக்கமாக ஏறி அதே வழியில் இறங்கினால் சாதாரண காரே மெதுவாகச் சமாளிக்கும். தெற்குப் பக்கம் செங்குத்தானது, மேடுபள்ளமானது. தரையிலிருந்து நல்ல உயரம் உள்ள வண்டி வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாதை முழுவதும் திறந்திருப்பது பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான். பனி எப்போது உருகுகிறது, எப்போது விழுகிறது என்பதைப் பொறுத்து முன்பின்னாகும். ஆகஸ்டில் கீழே வியர்த்துக் கொட்டும்போது மேலே ஸ்வெட்டர் இல்லாமல் ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

தெற்குப் பக்கம் இறங்கினால் காட்டுக் குதிரைகளைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான குதிரைகள் கூட்டமாக நிற்கும். கைகர் மஸ்டாங் என்று பேர்பெற்ற இனம் இவையல்ல. அவை மலையின் வடக்குப் பக்கத்தில், தனி மேய்ச்சல் நிலத்தில் இருப்பவை; மண் நிறம், முதுகில் தலை முதல் வால் வரை ஒரு கருங்கோடு. பழைய ஸ்பானியக் குதிரைகளின் வழிவந்தவை என்பதால் அவற்றுக்கு மவுசு அதிகம். அவற்றைப் பார்க்கப் போகும் பாதை மோசம், பார்த்துவிடுவோம் என்ற உத்தரவாதமும் கிடையாது. எனக்குத் தூரத்தில் நாலு புள்ளிதான் தெரிந்தது. குதிரை என்று குழந்தைகளிடம் அடித்துச் சொன்னேன்.

ஆல்வோர்ட் நேர் எதிர். மலை மேகத்தையெல்லாம் மறித்துக்கொள்வதால் அதன் நிழலில் காய்ந்து கிடக்கும் ஏரிப் படுகை; வருடத்துக்கு 7 அங்குலம் மழை பெய்தால் பெரிய விஷயம். 12 மைல் நீளம், 7 மைல் அகலம், ஒரு செடி கிடையாது. காய்ந்திருக்கும் காலத்தில் காரை அப்படியே தரையில் இறக்கி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓட்டலாம். அந்தத் தட்டைத் தரையை நம்பித்தான் வேகச் சாதனைக்காரர்கள் இங்கே வந்தார்கள். காது கேளாத ஸ்டண்ட் கலைஞர் கிட்டி ஓ'நீல் 1976 டிசம்பரில் ராக்கெட் வண்டியில் மணிக்கு 512.7 மைல் வேகத்தைத் தொட்டது இங்கேதான். அதை முறியடிக்க வந்த ஜெசி கோம்ப்ஸ் 2019 ஆகஸ்ட் 27 அன்று இதே தரையில் விபத்தில் இறந்தார். அன்று அவர் தொட்ட 522.783 மைல், அவர் இறந்த பிறகு கின்னஸ் சாதனையாகப் பதிவானது. பெண்களின் தரைவேகச் சாதனை என்று பட்டியலில் பார்க்கும் இரண்டு எண்களும் இந்த ஒரே வெண்தரையில் பிறந்தவை.

பகலில் இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் பகலில் அப்படித்தான் தோன்றியது. பொழுது சாய்ந்ததும் மலையின் கிழக்கு முகம் கறுத்துச் சுவராக நிற்கும், அப்புறம் நட்சத்திரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மின்விளக்கு இல்லாததால் பால்வீதி தரையைத் தொட்டுக்கொண்டு எழும். இதைப் பார்க்க இரவு தங்கவேண்டும். இல்லையென்றால் அவ்வளவு தூரம் போவது வீண். பக்கத்தில் கட்டணம் வாங்கும் தனியார் வெந்நீர் ஊற்று இருக்கிறது, தகரத் தடுப்பும் இரண்டு தொட்டியுமாக. வடக்கே மிக்கி என்று இன்னொரு ஊற்று. அதில் இறங்கவே கூடாது, கொதிக்கும் நீர். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழை பெய்த மறுநாள் படுகையில் வண்டியை இறக்கினால் மேலே காய்ந்த தோலும் உள்ளே களியுமாகச் சக்கரம் அச்சு வரை புதையும். நான் புதையவில்லை, அங்கே போகும் சரளைப் பாதையிலேயே டயர் கிழிந்து நின்றேன். போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு பண்ணைக்காரர் பிக்கப்பை நிறுத்தி, எதுவும் கேட்காமல் ஜாக்கியை இறக்கி, கூடவே நின்று ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வாடகைக் கார்க்காரர்கள்தான் பின்னால் பில் அனுப்பினார்கள்: தார் போடாத பாதையில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம். ஹார்னிக்குச் சொந்த வண்டியில் போவது நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

மல்ஹியூர் பறவைச் சரணாலயம் போக்குவரத்துக்கு இந்த நான்கிலும் சுலபம். பர்ன்ஸிலிருந்து முப்பது மைல் சொச்சத்தில் அதன் தலைமையகம். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தோது. ஒரு காலத்தில் பெண்கள் தொப்பியில் செருகும் இறகுக்காக இங்கே வெள்ளைக் கொக்குகளைக் கொத்துக் கொத்தாகச் சுட்டார்கள். வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்ற இரு புகைப்படக்காரர்கள் 1908-இல் வந்து இங்கே இருக்கும் மல்ஹியூர் ஏரியைப் படம் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஏரியைச் சரணாலயமாக அறிவித்தார். இன்று 1,87,000 ஏக்கர். 320-க்கு மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன.

2016 ஜனவரி 2 அன்று ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் இந்தத் தலைமையகத்தைக் கைப்பற்றி 41 நாள் பிடித்துவைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அரசு நிலத்தில் தீ வைத்த வழக்கில் இரு உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டதுதான் உடனடிக் காரணம். கூட்டத்தை நடத்திய அம்மன் பண்டி வெளியூர்க்காரர். கூட்டத்தில் ஒருவர் ஜனவரி 26 அன்று நெடுஞ்சாலையில் போலீஸ் சுட்டு இறந்தார். மேய்ச்சல் நிலம் யாருக்கு என்ற சண்டை அது. அதன் ஆணிவேர் இன்னும் நூறு வருடம் பின்னால் போகிறது. தொழுவத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

பறவை பார்க்கச் சரியான காலம் மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. வசந்தத்தில் ஸ்னோ கூஸ் எனும் வெள்ளை வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும் இடம் பெரும்பாலும் சரணாலயம் அல்ல. பர்ன்ஸைச் சுற்றியிருக்கும் பண்ணைக்காரர்களின் வைக்கோல்புல் வயல்கள். பனி உருகி வரும் ஆற்று நீரை அவர்கள் பழைய முறைப்படி வயல் முழுக்கப் பாய விடுகிறார்கள். கணுக்கால் தண்ணீரில் வாத்துகளும் சாண்ட்ஹில் நாரைகளும் மேய்கின்றன. ஏரியிலோ, கெண்டை இனத்து மீன்கள் பெருகி, அடிமண்ணைக் கிளறி, நீர்ச்செடிகளை அழித்துவிட்டதால் பழைய செழிப்பு போய்விட்டது. எனவே ஏப்ரலில் போனால் சரணாலயத்துக்குள் மட்டும் சுற்றாமல், பர்ன்ஸ் வெளிவட்டச் சாலைகளில் விடியற்காலையில் காரை ஓரங்கட்டி நில்லுங்கள். வேலிக்குள் இறங்க வேண்டாம், அது தனியார் நிலம். ஜூனில் மட்டும் இந்தப் பக்கமே போகாதீர்கள். கொசு. வாயைத் திறந்து பேச முடியாது.

சரி, தொழுவம். நான்கில் படத்துக்கு மிகச் சுமாரானது இதுதான். எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

1872-இல் பீட்டர் பிரெஞ்ச் என்ற 23 வயதுக்காரன் கலிபோர்னியாவிலிருந்து 1,200 மாடுகளையும் சில மெக்சிகன் மாட்டுக்காரர்களையும் ஓட்டிக்கொண்டு பிளிட்சன் ஆற்றுச் சமவெளிக்கு வந்தான். பணம் போட்டவர் ஹ்யூ கிளென் என்ற கோதுமைப் பெருநிலக்காரர். பின்னாளில் அவர் மகளையே பிரெஞ்ச் கட்டிக்கொண்டான்; ஃபிரெஞ்ச்கிளென் என்ற ஊர்ப்பெயர் மாமனார் மருமகன் இருவர் பெயரையும் ஒட்டவைத்தது. இந்த வறண்ட நாட்டில் தண்ணீரைப் பிடித்தவனுக்குத்தான் நிலம். பிரெஞ்ச் ஆற்றங்கரையையும் ஊற்றுகளையும் புல்லுள்ள சதுப்பையும் ஒவ்வொன்றாக வளைத்தான். சுற்றியிருக்கும் மேட்டுநிலம் தண்ணீர் இல்லாத வேறு யாருக்கும் பயன்படாது. அது தானாகவே அவன் மேய்ச்சலானது. பின்னால் வந்த சிறு குடியேறிகள் ஏரி வற்றி வெளிப்பட்ட கரையில் குடிசை போட்டார்கள். அதுவும் என் நிலம் என்று அவன் வழக்குப் போட்டான். 1897 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எட் ஆலிவர் என்ற குடியேறி அவனைச் சுட்டுக் கொன்றான். பிரெஞ்ச் கையில் ஆயுதம் இல்லை. ஆனாலும் மறு ஆண்டு உள்ளூர் ஜூரி ஆலிவரை விடுதலை செய்தது. ஊர் யார் பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1935-இல் அரசு பிளிட்சன் சமவெளியில் 65,000 ஏக்கரை வாங்கிச் சரணாலயத்தோடு சேர்த்தது. இன்று நாம் நாரை பார்க்கும் பல வயல்கள் அவன் மாடு மேய்ந்தவை. அவனுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் வடக்குப் பையூட் என்ற பூர்வகுடி மக்கள். அவன் வந்த அதே 1872-இல்தான் அவர்களுக்கென்று மல்ஹியூர் ஒதுக்குநிலம் ஏற்பட்டது. 1878-இல் பூர்வகுடிகளுக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் நடந்த பன்னாக் போருக்குப் பிறகு 1879 ஜனவரிப் பனியில் அவர்களை வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா ஒதுக்குநிலத்துக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். ஒதுக்குநிலம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. திரும்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பர்ன்ஸ் ஓரத்தில் ஒரு சிறு நிலத்தில் இருக்கிறார்கள். 2016 சண்டையில், நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடு என்று கூட்டம் கத்தியபோது பையூட் மக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் மனத்தில் இருக்கும்போது அந்த வட்டத் தொழுவத்துக்குள் நுழைய வேண்டும். 1880-களில் கட்டியது. 100 அடி விட்டம். நடுவில் 60 அடி விட்டத்தில் கல்சுவர் வைத்த ஒரு வளையம். அதற்கும் வெளிச்சுவருக்கும் இடையே சுற்றி ஓட ஒரு பாதை. குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டும்போது உள்ளே காட்டுக் குதிரைகளை ஓட்டிப் பழக்குவதற்காக இந்த வடிவம். மூலை இல்லாததால் குதிரை ஒதுங்கி நிற்க இடம் கிடையாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நடுத்தூண் 35 அடி உயர ஜூனிபர் மரம், முறுக்கும் முடிச்சுமாக அப்படியே நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் குடைக்கம்பிகள் மாதிரி விட்டங்கள் அதிலிருந்து விரியும். மரம் அதிகம் இல்லாத ஊருக்கு ஜூனிபர்க் கட்டைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. டிக்கெட்டும் இல்லை, காவலும் இல்லை. என் மகள் அந்த ஓட்டப்பாதையில் மூன்று சுற்று குதிரையாக ஓடினாள்.

இதே பக்கத்தில் டயமண்ட் எரிமலைக் குழிகளையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். புவியியல் பிடித்தவர்கள் அரைநாள் இருப்பார்கள். ஃபிரெஞ்ச்கிளெனில் 1924-இல் கட்டிய மரவிடுதி ஒன்று உண்டு: எட்டு அறை, பொதுக் குளியலறை, இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நீள மேசையில். மாட்டுப்பண்ணை நாடு என்பதால் இலையில் என்ன விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனோம்.

இனி முடிவு. ஏப்ரல் என்றால் யோசிக்காமல் பறவையும் வட்டத் தொழுவமும். பர்ன்ஸிலேயே தங்கலாம், வயதானவர்களுக்கும் அலைச்சல் இல்லை. மலை சாத்தியிருக்கும், வெண்தரை நனைந்திருக்கலாம், இரண்டையும் மறந்துவிடுங்கள். மே, ஜூன் இரண்டும் கெட்டான் மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் மலை. பகலில் ஆல்வோர்ட் வாணலி மாதிரி இருக்கும். கூடாரம் அடித்து இரவு கழிக்கும் இளவட்டங்கள் போகலாம். குளிர்காலத்தில் ஹார்னிக்கு எதற்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கிரேன் என்ற சிற்றூர்ப் பக்கத்தில் உள்ள வெந்நீர்க் குளத்துக்காக மட்டும் போகிறவர்களைத் தெரியும்.

நாள் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருந்தால் செப்டம்பர் கடைசி வாரம். கொசு இல்லை, மலைப்பாதை திறந்திருக்கும், ஆஸ்பென் தோப்புகள் மஞ்சளாகியிருக்கும், படுகையும் அனேகமாகக் காய்ந்திருக்கும். முதல் நாள் பர்ன்ஸில் பெட்ரோலை முழுக்க நிரப்பிக்கொண்டு, போகிற வழியில் வட்டத் தொழுவத்தைப் பார்த்துவிட்டு ஃபிரெஞ்ச்கிளென் சேருங்கள். தொழுவத்தை மலைக்கு முன்னால் வைப்பது வேண்டுமென்றேதான். அந்தக் கதை தெரிந்துவிட்டால், மேலேயிருந்து பார்க்கும்போது எங்கே தண்ணீர், எங்கே வேலி என்று கண் தானாகத் தேடும். இரண்டாம் நாள் முழுக்க மலை. மூன்றாம் நாள் ஃபீல்ட்ஸ் போய், அங்கே பேர்போன மில்க்‌ஷேக்கைக் குடித்துவிட்டு, ஆல்வோர்ட் ஓரமாகவே வடக்கே ஏறி 78-ஆம் நெடுஞ்சாலை வழியாக பர்ன்ஸ் திரும்பலாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் இருட்டிய பிறகு சாலை நடுவில் மாடு படுத்திருக்கும்.

விடுதியின் எட்டு அறையும் அந்த வாரத்துக்கு வெகு முன்பே நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் மூன்று மைலில் ஆற்றோரமாக பேஜ் ஸ்பிரிங்ஸ் கூடாரத் தளம் இருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் விடுதியைவிடப் பிடித்திருந்தது.